தபால்காரர் படித்த கார்டு

நம் ஆராய்ச்சிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் நாலு வார்த்தை பேச வேண்டும் என்று கேட்டார்கள். நாலு வார்த்தையோடு நிறுத்துகிற பழக்கம் எனக்கு இல்லை என்பது கேட்டவர்களுக்கே தெரியும். அதனால் எழுதியே தந்துவிடுகிறேன். அலுப்புத் தட்டினால் பக்கத்தைத் தள்ளிக்கொள்ளுங்கள், நான் பார்க்கப் போவதில்லை.

போன மாதம் உங்கள் அறைக்கு வந்திருந்தேன். ஒரு பெண் கம்ப்யூட்டரில் நோயாளிகளின் பட்டியலைக் காட்டினார். அதில் சில பெயர்கள் சிவப்பாக இருந்தன. "இது என்னம்மா?" என்றேன். "காண்டாக்ட்ல இல்லாதவங்க மேடம். மூணு தடவை போன் பண்ணுவோம். எடுக்கலைன்னா ரெட் ஆயிடும்" என்றார். தானாகவே ஆகிவிடுமாம். எனக்குச் சுருக்கென்றது. அந்தச் சிவப்புக்குப் பதிலாக எங்கள் காலத்தில் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. அதைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

நான் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. தாம்பரத்தில் டைப்ரைட்டிங் முடித்து, சமூகப் பணியில் ஒரு டிப்ளமோவும் வாங்கிக்கொண்டு, எண்பதுகளின் தொடக்கத்தில் இந்த ஆஸ்பத்திரியில் சேர்ந்தவள். சிட்லபாக்கத்திலிருந்து சைக்கிளில் வருவேன். சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போனவர்கள் என்ன ஆனார்கள் என்று கண்டுபிடித்து எழுதிவைப்பது என் வேலை. கேட்பதற்கு எளிதாக இருக்கிறது, இல்லையா? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அன்றைக்கு எலும்பில் புற்றுநோய் என்றால் காலை எடுத்துவிடுவார்கள் என்று அர்த்தம். வருகிறவர்களில் பெரும்பாலோர் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள். முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு வீக்கம் இருக்கும். விளையாடும்போது அடிபட்டது என்று நினைத்து எண்ணெய் தடவி, கட்டுப் போட்டு, மாதங்களைத் தொலைத்துவிட்டு வருவார்கள். காலை எடுத்த பிறகும் பலரை நாங்கள் பறிகொடுத்தோம். எங்கள் பெரிய டாக்டருக்கு அது பொறுக்கவில்லை. முதலில் மருந்து கொடுத்துக் கட்டியை அடக்குவது, பிறகு கெட்டுப்போன எலும்பை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு அங்கே உலோக மூட்டைப் பொருத்துவது என்ற முறையை அவர் கையில் எடுத்தார். அப்படிக் கால் பிழைத்தவர்கள், காலைக் கொடுத்தவர்கள் அளவுக்கு உயிரோடும் இருக்கிறார்களா? எங்கள் ஆராய்ச்சியின் கேள்வி அவ்வளவுதான். ஆபரேஷன் தியேட்டரில் அதற்குப் பதில் கிடைக்காது. பதில் செம்பாக்கத்திலும் பல்லாவரத்திலும் அவரவர் வீடுகளில் இருந்தது. அதைக் கொண்டுவர வேண்டியவள் நான்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இந்த நோய் காலில் தொடங்கினாலும், திரும்பி வரும்போது பெரும்பாலும் நுரையீரலுக்குத்தான் வரும். சத்தம் காட்டாமல் வரும். அதனால் முதல் இரண்டு வருடங்களுக்கு, சில மாதங்களுக்கு ஒருமுறை நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். சிறியதாக இருக்கும்போதே பார்த்துவிட்டால் வெட்டி எடுத்துப் பிழைக்க வைக்கலாம். இருமல் வந்த பிறகு பார்த்தால் பெரும்பாலும் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான்.

எக்ஸ்ரே நாளை நினைவூட்ட ஒரு வழி வேண்டும். போன் யார் வீட்டில் இருந்தது? நான்தான் தபால் கார்டு யோசனையைச் சொன்னேன். மேற்குத் தாம்பரத்தில் ஒரு அச்சகத்தில் நானே பக்கத்தில் நின்று அச்சடித்து வாங்கினேன். மேலே தடித்த எழுத்தில் ஆஸ்பத்திரியின் பெயர். அதற்கு அடியில் 'எலும்புப் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு'. 'அன்புடையீர், தாங்கள் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துக்கொள்ள வர வேண்டிய நாள்' என்று போட்டு ஒரு கோடு. எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆஸ்பத்திரி முழுக்கக் காட்டினேன். ஒரு கார்டை ஞாபகத்துக்காக என் பைபிளுக்குள் வைத்துக்கொண்டேன்.

கார்டு போட்டும் வராதவர்களின் தாள்களை பிஸ்கட் டின்னில் போட்டுவைப்பேன். அந்தத் தாள்களில் குத்துவதற்கு 'தொடர்பு அற்றவர்' என்று ஒரு ரப்பர் ஸ்டாம்பும் செய்து வைத்திருந்தேன். அதிலும் பிழை கிடையாது.

இரண்டு வருடம் போனது. ஒரு பெரிய மாநாட்டில் எங்கள் முடிவுகளை வாசிக்கச் சொல்லிப் பெரிய டாக்டருக்கு அழைப்பு வந்தது. கணக்குப் போட்டுக் கொடுக்க வெளியூரிலிருந்து ஒரு நிபுணர் வந்தார். டின்னைத் திறந்து பார்த்துவிட்டு, "இவங்களை விட்டுடலாம் டாக்டர். வந்தவங்களை மட்டும் எடுத்துக்கிட்டா ரிசல்ட் பிரமாதமா இருக்கு" என்றார். உண்மையிலேயே பிரமாதமாகத்தான் இருந்தது. டைப் அடிக்கும்போதே எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டார்.

"கிரேஸ், டின்ல இருக்கறவங்க யாரு?"

"வராதவங்க சார்."

"அது தெரியுது. உயிரோட இருக்காங்களா, இல்லையா?"

"தெரியாது சார்."

"தெரியாதுன்னு சொல்றதுக்கு ஒரு ஸ்டாம்ப் செஞ்சு வெச்சிருக்கே, கெட்டிக்காரிதான்."

அவர் குரலை உயர்த்தவே இல்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கோபமும் வந்தது. இரண்டு வருடமாக எல்லாக் கார்டுகளையும் நாள் தவறாமல் போட்டிருக்கிறேன், அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே என்று. அவர் டின்னை என் பக்கம் நகர்த்தினார். "இதுல ஒருத்தரையாவது நேர்ல பாத்துட்டு வா. அதுவரைக்கும் நான் ஒரு வரி எழுத மாட்டேன்" என்றார்.

மேலே இருந்த தாளை எடுத்தேன். வசந்தி, பதினேழு வயது, செம்பாக்கம். கால் காப்பாற்றப்பட்டவள். ஆரம்பத்தில் ஒழுங்காக வந்தவள், அதன்பிறகு இரண்டு எக்ஸ்ரேக்களுக்கு வரவில்லை. இவளைப் பார்ப்பது சுலபம், கூப்பிடு தூரம்தானே என்று ஆஸ்பத்திரி ஜீப்பில் ஏறினேன். ஜீப்பின் இரண்டு பக்கமும் ஆஸ்பத்திரியின் பெயர், புற்றுநோய் என்ற சொல்லோடு சேர்த்து, ஒரு சாண் உயரத்துக்கு எழுதியிருக்கும். அதைக் கொண்டுபோய் வசந்தியின் அப்பா நடத்திய அரிசிக் கடை வாசலிலேயே நிறுத்தச் சொன்னேன். என் புத்தியை என்னவென்று சொல்ல.

அவர் படியிலிருந்து குதித்தே வந்தார். "யாரும்மா நீ? மொதல்ல வண்டிய எடுக்கச் சொல்லு! ஏரிக்கரையாண்ட போய் நில்லுங்க, வரேன்."

ஏரிக்கரையில் காத்திருந்தோம். செம்பாக்கத்தில் தலைமுறை தலைமுறையாக நிலம் வைத்திருந்த குடும்பம் அவர்களுடையது. அவரைத் தெரியாதவர் அந்தப் பக்கத்தில் யாரும் இல்லை. வந்தவர் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு கார்டை எடுத்து நீட்டினார். என்னுடைய கார்டு.

"இது இன்னா?"

"எக்ஸ்ரேக்கு ஞாபகப்படுத்தற கார்டுங்க."

"அது எனுக்குத் தெரியும்மா. கடையில பத்து பேரு நின்னுகினு கீறாங்க. தபால்காரரு இத்தப் படிச்சிகினே வராரு. 'இன்னா மொதலாளி, பொண்ணுக்குப் புத்துநோய் ஆஸ்பத்திரிலேர்ந்து வந்துகீது, இப்போ எப்டி கீது?'ன்னு அல்லாரு முன்னாடியும் கேக்கறாரு. நல்ல மன்சன்தான், அக்கறையாத்தான் கேட்டாரு. நாங்க கால்ல அடின்னு சொல்லி வெச்சிருந்தோம். பெரிய பொண்ணைப் பாக்க அந்த ஞாயித்துக்கெழம வரதா இருந்தவங்க வரல. சொல்லியும் அனுப்பல. வூட்டுல சமையல் பண்ணி வெச்சிகினு வாசலையே பாத்துகினு இருந்தோம்." கார்டில் இருந்த தடித்த எழுத்தை விரலால் தட்டினார். "இத்த யாரும்மா அச்சடிச்சது?"

டிரைவர் என்னைப் பார்த்தார். ஆபீஸில் அச்சடித்தார்கள் என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யும் இல்லை. ஆஸ்பத்திரி என்றால் பெரிய இடம், யாரோ ஒருவர் செய்திருப்பார், அவரும் அதற்கு மேல் கேட்டிருக்க மாட்டார். ஆனால் அந்த அச்சகத்தில் காலையிலிருந்து நின்றவள் நான். அந்த எழுத்தை இன்னும் தடிமனாகப் போடுங்கள் என்று கேட்டு வாங்கியவளும் நான்.

"நான்தாங்க அச்சடிச்சேன். தப்பு என்னோடதுதான். யார் வேணா படிப்பாங்கன்னு யோசிக்கவே இல்ல."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன்.

"வசந்தி எங்கங்க?"

"சொல்ல மாட்டேன். அது நல்லா கீது. ஆள வுடுங்க."

"நல்லா இருக்கட்டும், அதான் எனக்கும் வேணும். ஆனா அதை எக்ஸ்ரேதான் சொல்லணும். நெஞ்சுல வந்தா வெளிய தெரியாது. கார்டு இனிமே வராது. வண்டி வராது. நான் மட்டும் தனியா வரேன்."

அவர் திரும்பி நடந்தார். ஜீப்பில் ஏறிவிட்டேன். டிரைவர் வண்டியைக் கிளப்பும்போது அவர் மறுபடி வந்து கதவைப் பிடித்துக்கொண்டார். "குன்றத்தூரு. அவ அத்த வூடு. மலைக்குப் போற வழில பூக்கடை. இந்த வண்டி வந்துச்சின்னா அவ்ளோதான், சொல்லிட்டேன்."

திரும்பி வந்ததும் டின்னை மேசையில் கொட்டினேன். ஒவ்வொருவரும் கடைசியாக எப்போது வந்தார்கள், நான் முதல் கார்டை எப்போது போட்டேன் என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். பாதிக் குவியல் முடிவதற்குள் விஷயம் புரிந்துவிட்டது. அநேகமாக எல்லோரும் முதல் கார்டு போகும்வரை வந்துகொண்டிருந்தவர்கள். அதற்குப் பிறகு வரவில்லை. கல்யாண வயதில் பெண் இருந்த வீடுகள், வேலைக்கு மனுப் போட்ட பையன்கள், வாடகைக்குக் குடியிருந்தவர்கள். நோய் அவர்களை எங்களிடமிருந்து பிரிக்கவில்லை. நான் தபாலில் சொல்லி அனுப்பித் துரத்தியிருக்கிறேன்.

பெரிய டாக்டர் அறையில் நிபுணரும் இருந்தார். இரண்டு பேர் முன்னாலும் சொன்னேன். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். டாக்டர் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதை நானும் பாத்தேனே கிரேஸ். அழகா இருக்குன்னுதானே சொன்னேன்?" என்றார். பிறகு, "மிச்சம் எவ்வளவு இருக்கு?"

"ஒரு பெட்டி சார்."

"கொண்டா, ரெண்டு பேரும் சேர்ந்து கிழிப்போம்."

நிபுணர் பதறினார். "டாக்டர், மாநாட்டுக்கு நாள் நெருங்குது. இத்தனை பேரையும் தேடிப் பிடிக்கறதுக்குள்ள..."

"மாநாடு அடுத்த வருஷமும் நடக்கும்" என்றார் டாக்டர். "அந்தப் பொண்ணோட நெஞ்சு அடுத்த வருஷம் வரைக்கும் காத்திருக்குமான்னு எனக்குத் தெரியாது."

மறுநாள் காலை பஸ் பிடித்துக் குன்றத்தூர் போனேன். முருகன் கோயில் மலைக்குப் போகும் வழியில் இருந்த பூக்கடையில், காலை நேராக நீட்டிக்கொண்டு வசந்தி கதம்பம் கட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "அய்ய, கார்டு அக்கா!" என்று சிரித்தாள். அந்தப் பெயர் என்னைக் குத்தியது என்று அவளுக்குத் தெரியாது.

"எப்படி இருக்கே?"

"சூப்பரா கீறேன்க்கா. பாதி மலை ஏறிட்டேன், தெரியுமா? அத்தைதான் பயந்துகினு எறக்கிட்டாங்க. அப்பா சொல்லிகிறாரு, பெரியவ கல்யாணம் முடியற வரைக்கும் ஆஸ்பத்திரிப் பக்கம் போவாதேன்னு. எனுக்குந்தான் ஒண்ணும் இல்லியே."

அவள் முகம் அவ்வளவு தெளிவாக இருந்தது. இந்த இடத்தில்தான் நாம் தடுமாறுவோம். பயமுறுத்தி இழுத்துப் போகலாம். அல்லது, சும்மா ஒரு போட்டோ மாதிரிதான் என்று ஏமாற்றிக் கூட்டிப் போகலாம். இரண்டும் அன்றைக்கு வேலை செய்திருக்கும். ஆனால் அவள் வாழ்நாள் முழுக்க எங்களிடம் வர வேண்டியவள். பக்கத்தில் உட்கார்ந்து உள்ளதைச் சொன்னேன். திரும்பி வந்தால் நெஞ்சில் வரும், இப்போது தெரிந்தால் எடுத்துவிடலாம், இருமல் வந்த பிறகு கஷ்டம்.

அவள் கை நிற்கவில்லை. ஒரு முடிச்சுப் போட்டாள், இன்னொன்று போட்டாள்.

"எடுத்துட்டா செரியாப் பூடுமா?"

"வாய்ப்பு நிறைய இருக்கு. சத்தியம் பண்ணிச் சொல்ல மாட்டேன்."

"வண்டில வந்தீங்களா?"

"பஸ்லதான்."

பூச்சரத்தை அறுத்து ஈரத்துணியில் சுற்றி வைத்தாள். "அத்த, கடையைச் சாத்து. அக்காவோட போய்ட்டு வந்துருவோம்."

வலது நுரையீரலில் கொத்துக்கடலை அளவுக்கு ஒரு புள்ளி இருந்தது. ஒன்றே ஒன்று. அவளுக்கு இருமல் இல்லை, மூச்சுத் திணறல் இல்லை, எதுவும் இல்லை. இன்னும் இரண்டு எக்ஸ்ரே தவறியிருந்தால் என்று நினைக்கவே இப்போதும் எனக்குப் பயமாக இருக்கிறது. ஆபரேஷன் நடந்த அன்று அவள் அப்பாவும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நடுவில் அவர் எழுந்து போய் இரண்டு காபி வாங்கிவந்து ஒன்றை என் கையில் கொடுத்தார். டாக்டர் வெளியே வந்து, "எடுத்தாச்சு, சுத்தமா எடுத்தாச்சு" என்றபோது இரண்டு பேரும் அழுதோம்.

அதற்குப் பிறகு கார்டை ஒழித்தேன். என் சொந்தப் பெயரில், என் வீட்டு முகவரியிலிருந்து, வழியில் யாரும் படிக்க முடியாதபடி மடித்து ஒட்டிய இன்லண்ட் லெட்டர். 'அன்புள்ள வசந்தி, நலமா? பத்தாம் தேதி வீட்டுக்கு வா. இப்படிக்கு கிரேஸ் அக்கா.' வீட்டுக்கு வா என்றால் எக்ஸ்ரே என்பது அவர்களுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். யார் பெயருக்கு எழுதினால் தொந்தரவு இல்லை என்று ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டேன். ஒருவருக்கு மாமா பெயர், ஒருவருக்கு ஸ்கூல் டீச்சர் பெயர். பதில்களும் என் வீட்டுக்கே வந்தன. "உங்களுக்கு எவ்ளோ சொந்தக்காரங்கம்மா, கொடுத்து வெச்சவங்க" என்று எங்கள் சிட்லபாக்கத்துத் தபால்காரர் பொறாமைப்படுவார். நானும் ஆமாம் என்பேன்.

டின்னில் இருந்த ஒவ்வொருவரையும் தேடிப் போனேன். பலர் திரும்பி வந்தார்கள். சிலர் வீட்டில் மாலை போட்ட படத்தின் எதிரில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன். என் கார்டு போகாமலிருந்தால் அவர்களில் யாராவது பிழைத்திருப்பார்களா? தெரியாது. அந்தத் 'தெரியாது'க்கு ஸ்டாம்ப் கிடையாது. அதை நான் சுமந்துகொண்டுதான் ஓய்வு பெற்றேன்.

மறு வருடம் டாக்டர் முடிவுகளை வாசித்தார். முதலில் போட்ட கணக்கைப் போல அது பிரமாதமாக இல்லை. ஆனால் அசைக்க முடியாததாக இருந்தது. காலைக் காப்பாற்றுங்கள், அதனால் உயிருக்கு மோசம் வராது என்று யார் முன்னாலும் சொல்லலாம். ஏனென்றால் டின் காலி. கட்டுரையில் ஒரு பத்தி, நாங்கள் அனுப்பிய கார்டே நோயாளிகளை எப்படி விலக்கியது என்று சொன்னது. அதை டைப் அடித்தவள் நான்தான். என் பணிக்காலத்தில் நான் அடித்த பக்கங்களிலேயே எனக்குப் பெருமையான பக்கம் அது. இன்றைக்கு இந்த ஆஸ்பத்திரியில் இரண்டு காலோடு நடந்து வெளியே போகும் பிள்ளைகளைப் பார்க்கும்போது, இதில் எனக்கும் பங்கு உண்டு என்று கூசாமல் சொல்லிக்கொள்கிறேன். நீங்களும் ஒருநாள் சொல்லிக்கொள்ள வேண்டும். அதற்கு, ஒரு பெயர் சிவப்பாகும்போது அவர் ஏன் வரவில்லை என்று கேட்பதற்கு முன்னால், அவரை வரவிடாமல் நாம் என்ன செய்தோம் என்று கேட்டுப் பாருங்கள்.

வசந்திக்கு அப்புறம் நோய் திரும்பவில்லை. அவள் அக்காவுக்கு நல்ல இடத்தில் கல்யாணம் ஆனது. தொண்ணூறுகளில் வசந்தி மறைமலை நகரில் ஒரு கம்பெனி ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தாள். அதற்குள் வருடத்துக்கு ஒருமுறை வந்தால் போதும் என்றாகிவிட்டது. வழக்கம்போல ஒட்டிய இன்லண்டில் 'வீட்டுக்கு வா' என்று எழுதினேன். பதில் கடிதம் என் வீட்டுக்கு வரவில்லை. ஒரு வாரம் போனது. எனக்கு உள்ளுக்குள் படபடப்பு.

ஒரு முற்பகல், ஆஸ்பத்திரிக்கு வரும் தபால்காரர் கீழே இருந்த பெட்டியில் எல்லாவற்றையும் போட்டுவிட்டு, ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மாடியேறி வந்தார். திறந்த தபால் கார்டு. கறுப்பு மையில், கொட்டை எழுத்தில், எலும்புப் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு என்று முகவரி. மறுபக்கம் இப்படி இருந்தது:

'அக்கா, எனக்கு எலும்புப் புற்றுநோய் இருந்தது. இப்போது காலும் இருக்கிறது, நானும் இருக்கிறேன். குன்றத்தூர் மலையை முழுசாக ஏறிவிட்டேன். வெள்ளிக்கிழமை எக்ஸ்ரேக்கு வருகிறேன். இனிமேல் எனக்குக் கார்டிலேயே எழுதுங்கள். தபால்கார அண்ணா, படித்துவிட்டீர்களா? சரி, அக்காவிடம் சேர்த்துவிடுங்கள். வசந்தி.'

நான் நிமிர்ந்தேன். அவர் இன்னும் போகாமல் நின்றுகொண்டிருந்தார்.

"படிச்சிட்டேம்மா" என்றார். "அதான் பெட்டில போட மனசு வரல."